சுவரில் தொங்கும் சர்டிபிகேட்டுக்கு யார் ஜவாப்தாரி?

2018-ம் வருஷம் நவம்பர் 16-ம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதி அன்று பட்ட பாடு யாவரும் அறிந்ததே. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்துத் தோப்புகளில் தாத்தா காலத்துப் பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. தென்னைகள் முறிந்து விழுந்தன.

அதன் பின் புதுக் கன்று வாங்கப் போன விவசாயி, நாற்றுப் பண்ணையில் முதலில் என்ன கேட்டிருப்பார்? "இது எந்தத் தாய் மரத்துக் கன்று? ஒட்டுக் கட்டியது யார்?" என்றுதான் கேட்டிருப்பார். கன்றைப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். இலையும் ஒன்று, தண்டும் ஒன்று. காய்க்கும்போதுதான் சாயம் வெளுக்கும். அதற்குள் ஐந்தாறு வருஷம் ஓடிப்போயிருக்கும். ஆகையால் கன்றைப் பார்த்து வாங்குவதை விட, கன்றைக் கொடுப்பவரைப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது அந்தச் சீமையில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

அதே விவசாயியின் மகள் பிளஸ் டூ பாஸ் செய்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். பெண்ணுக்கு வைத்தியம் படிக்க ஆசை. எம்.பி.பி.எஸ். கிடைக்கும் அளவுக்கு மார்க்கு வரவில்லை. அப்பா கையில் மூன்று காகிதங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்றில் பி.எஸ்.எம்.எஸ். என்னும் சித்த மருத்துவப் பட்டம். மற்றொன்றில் பி.என்.ஒய்.எஸ். என்னும் யோகா, இயற்கை மருத்துவப் பட்டம். இவை இரண்டும் ஐந்தரை வருஷம். மூன்றாவது, பஸ் ஸ்டாண்டு அருகே யாரோ கையில் திணித்த நோட்டீஸ். யோகம், வர்மம், மூலிகை, நாடி பார்த்தல் எல்லாம் சேர்ந்த ஒரு வருஷ டிப்ளமா.

"அண்ணே, பாப்பாவை இதிலே சேர்த்துவிடுங்கள். ஒரே வருஷம். நீட்டும் கிடையாது, கீட்டும் கிடையாது. முடித்ததும் பேருக்கு முன்னாலே டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம்" என்கிறார் நோட்டீஸ் கொடுத்தவர்.

பலாக் கன்றுக்குத் தாய் மரம் கேட்டவர், இங்கே ஒன்றும் கேட்கத் தெரியாமல் நிற்கிறார். நோட்டீஸில் அச்சாகியிருக்கும் கோபுரச் சின்னமும், "அரசு பதிவு பெற்றது" என்ற வரியும் அவரை மிரட்டுகின்றன. ஒரு சங்கத்தையோ, டிரஸ்டையோ, கம்பெனியையோ பதிவு செய்வது வேறு. வைத்தியம் சொல்லிக்கொடுக்க அனுமதி பெறுவது வேறு. சீட்டுக் கம்பெனிக்கும் பதிவு எண் உண்டு. அந்த எண் யாருக்கும் நாடி பிடிக்கும் உரிமையைத் தராது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். "படிப்பை முடித்ததும் என் மகள் பெயர் எந்த ரிஜிஸ்தரில் ஏறும்?"

இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ நூறு வருஷச் சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தின் முதல் பக்கத்திலேயே புதுக்கோட்டையின் பெயர் எழுதியிருக்கிறது.

புதுக்கோட்டைப் பெண்

1886-ம் வருஷம் ஜூலை 30-ம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. அப்போது அது தொண்டைமான் மன்னர்களின் தனிச் சமஸ்தானம். பையன்கள் மட்டுமே படித்து வந்த மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர்வதா என்று ஊரில் பெரிய கலவரம். மன்னர் தனி அனுமதி கொடுத்தார். பெண் படித்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டராக வெளியே வந்தார்.

அவர் பட்டம் வாங்கிய காலத்தில், யார் டாக்டர், யார் டாக்டர் இல்லை என்பதற்குச் சென்னை ராஜதானியில் சட்டப்படி ஒரு கோடு கிடையாது. இரண்டு வருஷம் கழித்து, 1914-ல், சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. மேல்நாட்டு வைத்தியக் கல்லூரியில் படித்தவர்கள் பெயர் ஒரு ரிஜிஸ்தரில் ஏறிற்று. பரம்பரை பரம்பரையாகச் சித்தமும் ஆயுர்வேதமும் யூனானியும் பார்த்து வந்தவர்களுக்கு அந்த ரிஜிஸ்தரில் இடமில்லை. அவர்களை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அவர்கள் சர்க்காரின் கண்ணுக்குத் தெரியாதவர்கள் ஆகிவிட்டார்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் இந்தப் பிரச்னை பெரிதாகத் தலையெடுத்திருந்தது. அங்கே தெருவுக்குத் தெரு வைத்தியப் பள்ளிகள். பீஸ் கட்டினால் சர்டிபிகேட். ஆப்ரகாம் பிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 பள்ளிகளை நேரில் சுற்றிப் பார்த்து 1910-ல் ஓர் அறிக்கை எழுதினார். இதில் வேடிக்கை என்னவென்றால், பிளெக்ஸ்னர் டாக்டரே அல்ல, பள்ளிக்கூட உபாத்தியாயர். ஆராய்ச்சிசாலை இருக்கிறது என்று விளம்பரம் செய்த பள்ளியில் அதைத் தேடிப் பார்த்தார். நோயாளிகள் இருக்கிறார்கள் என்றால் எங்கே என்று கேட்டார். அறிக்கை வெளிவந்த பின் எத்தனையோ பள்ளிகள் மூடப்பட்டன. ஏமாற்றுப் பள்ளிகள் ஒழிந்தது நல்லதுதான். ஆனால் கறுப்பு இனத்தவர் படித்து வந்த ஏழு கல்லூரிகளில் ஐந்தும் அந்தக் காற்றில் அடித்துக்கொண்டு போயின. மேற்பார்வை என்ற கத்தி யார் கழுத்தில் இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோமானும் உஸ்மானும்

சென்னையில் அந்தக் கத்தியைத் தீட்டும் வேலை 1918-ல் தொடங்கிற்று. நாட்டு மருந்துகளை ஆராய்வதற்காக டாக்டர் கோமான் என்பவரைச் சர்க்கார் நியமித்தது. அவர் கொடுத்த அறிக்கை நாட்டு வைத்தியத்துக்குச் சாதகமாக இல்லை. வைத்தியர்கள் கொதித்து எழுந்தார்கள். "மருந்தை மட்டும் பிய்த்து எடுத்துப் பார்த்தால் எங்கள் சாஸ்திரம் எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

1921-ல் ஜஸ்டிஸ் கட்சி மந்திரி சபை காலத்தில் வேறொரு கமிட்டி அமைந்தது. தலைவர் முகம்மது உஸ்மான். காரியதரிசி காப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. இவர் மேல்நாட்டு வைத்தியம் படித்துப் பட்டம் வாங்கியவர். நாட்டு வைத்தியத்திலும் ஆழ்ந்த பற்றுள்ளவர். இந்தக் கமிட்டி வைத்தியர்களிடமே கேள்விகளை அனுப்பிப் பதில் வாங்கிற்று. தமிழிலும் தெலுங்கிலும் வடமொழியிலும் உருதுவிலும் பதில்கள் வந்து குவிந்தன. 1923-ல் அறிக்கை வெளிவந்தது. இந்திய வைத்தியத்துக்கு முறையான பள்ளிக்கூடம் வேண்டும், வைத்தியர்களுக்கு ரிஜிஸ்தர் வேண்டும் என்பது அதன் சாரம்.

பனகல் ராஜா முதல் மந்திரியாக இருந்த காலம் அது. 1925-ல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இந்திய வைத்தியப் பள்ளி தொடங்கிற்று. முதல் தலைவர் அதே சீனிவாசமூர்த்தி. சித்தம், ஆயுர்வேதம், யூனானி என்று மூன்று பிரிவுகள். மாணவன் எதை எடுத்தாலும் அதனுடன் மேல்நாட்டு முறை உடற்கூறும் உடலியலும் ரண சிகிச்சையும் படிக்க வேண்டும். பிணத்தை அறுத்துப் பார்க்க வேண்டும். நாடியும் பிடிக்க வேண்டும், ஸ்டெதாஸ்கோப்பும் வைக்க வேண்டும். முடித்தால் எல்.ஐ.எம். என்ற பட்டம். தமிழ்நாட்டுச் சிறு நகரங்களின் பழைய பெயர்ப் பலகைகளில் வெகு காலம் மங்கித் தெரிந்த மூன்றெழுத்து அதுதான்.

இன்று ஒருங்கிணைந்த மருத்துவம் என்று புதிதாகக் கண்டுபிடித்தது போலப் பேசுகிறார்களே, அதை நூறு வருஷத்துக்கு முன்பே கீழ்ப்பாக்கத்தில் சமைத்துப் பார்த்துவிட்டார்கள்.

சமையல் ஏன் கெட்டது?

சரக்கு நல்ல சரக்கு. சமைத்தவர்களும் கெட்டிக்காரர்கள். கர்னல் சோப்ரா தலைமையில் அமைந்த அகில இந்தியக் கமிட்டியும், இரு முறைகளையும் இணைத்துப் படிப்பதே நல்லது என்று 1948-ல் சிபாரிசு செய்தது. பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. எல்.ஐ.எம். போய் ஜி.சி.ஐ.எம். வந்தது. ஒருங்கிணைந்த வைத்தியர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1956-ல் சென்னை ராஜ்யத்தில் தனிச் சட்டமும் வந்தது.

அப்படியும் மாணவர்களுக்கு நிம்மதி இல்லை. காரணம் மிகச் சாதாரணமானது. அவர்கள் உடற்கூறு படித்தார்கள், ரண சிகிச்சை படித்தார்கள், பிரசவம் பார்க்கப் படித்தார்கள். ஆனால் வெளியே வந்தால் எம்.பி.பி.எஸ். ரிஜிஸ்தர் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாது. சுத்த சித்த வைத்தியரோ, "நீ பாதி இங்கிலீஷ் வைத்தியன்" என்று ஒதுக்குவார். ஆஸ்பத்திரி உத்தியோகத்தில் அந்தஸ்தும் சம்பளமும் ஒரு படி கீழே. எந்தப் பந்தியிலும் இலை போடாத விருந்தாளியின் நிலைமை.

ஆகவே மாணவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். "எங்களுக்கு எம்.பி.பி.எஸ். கொடு" என்பது கோஷம். நாட்டு வைத்தியத்தை வளர்க்கத் தொடங்கிய கல்லூரியில் நாட்டு வைத்தியம் வேண்டாம் என்று மாணவர்களே கூவியது பரிதாபமான காட்சி. சென்னையில் மட்டும் அல்ல, இந்தியாவில் இப்படிப்பட்ட கல்லூரிகள் இருந்த பல இடங்களிலும் இதே கதைதான். 1958-ல் நியமிக்கப்பட்ட உடுப்பா கமிட்டியின் முன்னும் இந்த அதிருப்தி வந்து நின்றது.

1960-ல் கதை முடிந்தது. ஒருங்கிணைந்த படிப்பை இழுத்து மூடினார்கள். அந்த இடத்தில் எம்.பி.பி.எஸ். சொல்லிக்கொடுக்கும் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வந்தது. அதே பெயரில் இன்றும் இருக்கிறது.

பாடத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. படித்தவன் எந்தக் காரியம் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, அவன் தவறு செய்தால் யார் கேட்பது என்பதைக் கல்லூரியைத் திறக்கும்போதே எழுதி வைக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டார்கள். அதன் விலையை மாணவர்கள் கொடுத்தார்கள்.

பாளையங்கோட்டையில் புதுக் கணக்கு

நான்கு வருஷம் கழித்து, 1964-ல், பாளையங்கோட்டையில் சர்க்கார் சித்த மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 1970-ல் பார்லிமெண்டு இந்திய மருத்துவ மத்தியக் கவுன்சில் சட்டத்தை நிறைவேற்றிற்று. மறு வருஷம் கவுன்சில் அமைந்தது. அதற்குப் பின்தான் சித்தம், ஆயுர்வேதம், யூனானிப் படிப்புகளுக்கு நாடு முழுவதும் ஒரே பாடத் திட்டம், ஒரே பரீட்சை முறை என்ற நிலைமை வந்தது. 1974 ஜனவரி 14-ல் திருச்சி, தஞ்சை ஜில்லாக்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துப் புதுக்கோட்டையைத் தனி மாவட்டமாக்கியபோது, சித்தம் படிக்க விரும்பிய புதுக்கோட்டைப் பையனுக்குப் பாளையங்கோட்டை என்று ஒரு திசை தெரிந்திருந்தது.

கவுன்சிலிலும் குறைகள் இல்லாமல் இல்லை. தேர்தலில் வென்று வந்த உறுப்பினர்களே கல்லூரிகளுக்கு அனுமதி கொடுப்பவர்களாகவும் இருந்தார்கள். ஒரே கூரையின் கீழ் பாடத் திட்டம், சோதனை, அனுமதி, ஒழுக்க நடவடிக்கை எல்லாம் இருந்தன. 2020-ல் புதுச் சட்டம் இயற்றி, 2021 ஜூன் 11 முதல் அந்தக் கவுன்சிலுக்குப் பதில் இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இதில் ஆயுர்வேதத்துக்கு ஒரு வாரியம். யூனானி, சித்தம், சோவா ரிக்பா என்னும் திபெத்திய முறை ஆகியவற்றுக்கு ஒரு வாரியம். கல்லூரிகளைச் சோதித்துத் தரம் போட ஒரு வாரியம். வைத்தியர்களின் ஒழுக்கத்தையும் பதிவையும் கவனிக்க ஒரு வாரியம். சமைப்பவரும் ருசி பார்ப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது யோசனை. உறுப்பினர்களில் பெரும்பாலோரைத் தேர்ந்தெடுப்பதை விட்டு நியமிக்கத் தொடங்கியது சரிதானா என்ற வாதமும் கூடவே வந்தது.

சோதனைக்கு வருகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? ஆசிரியர் பெயர்ப் பட்டியலைப் பார்க்கிறார்கள். பட்டியலில் இருப்பவர் உண்மையில் பாடம் நடத்துகிறாரா, அல்லது சோதனை தினத்தன்று மட்டும் பஸ் ஏறி வருகிறாரா என்று பார்க்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. இதற்காகவே விரல் ரேகை வருகைப் பதிவு எல்லாம் வந்திருக்கிறது. கல்லூரியைச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் படுக்கைகள் எத்தனை, அவற்றில் படுத்திருப்பவர்கள் உண்மை நோயாளிகளா, மூலிகைத் தோட்டம் காகிதத்தில் இருக்கிறதா, மண்ணில் இருக்கிறதா என்பதெல்லாம் பார்க்கப்படும். ஒரு கல்லூரிக்கு ஒரு முறை அனுமதி கிடைத்தது என்பதால் எல்லா வருஷமும் அது நீடிக்கும் என்று பெற்றோர் நினைத்துவிடக் கூடாது. எந்த வருஷம் பிள்ளை சேருகிறதோ, அந்த வருஷத்து அனுமதிப் பட்டியலில் கல்லூரி இருக்கிறதா என்று ஆணையத்தின் வலைத்தளத்தில் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் கைப்பேசியில் பார்த்துச் சொல்லிவிடுவான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்கலாம். சித்த வைத்தியத்தில் துளசியும் தூதுவளையும் மட்டும் இருக்கிறதா? ரசம் இருக்கிறது. கந்தகம் இருக்கிறது. தாளகமும் பாஷாணமும் இருக்கின்றன. சுத்தி செய்யத் தெரிந்தவன் கையில் மருந்து. தெரியாதவன் கையில் விஷம். இன்னொரு பக்கம், நீரிழிவுக்காக இன்சுலின் போட்டுக்கொள்ளும் கிழவரிடம், ஒரு வருஷ டிப்ளமாக்காரர், "ஊசியை நிறுத்திவிட்டு இந்தக் கஷாயத்தைக் குடியுங்கள்" என்று சொன்னால் என்ன ஆகும்? தவறு நடந்த பின் அந்த டிப்ளமாவைக் கொடுத்த ஸ்தாபனத்தின் கதவைத் தட்டினால், அங்கே பூட்டுத்தான் தொங்கும்.

2012-ல் டெங்கு பரவியபோது தமிழ்நாட்டு அரசாங்கமே நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராகக் கொடுத்தது. 2020-ல் கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீர். குவளையைக் கையில் வாங்கியவர்கள் அந்தப் பொடியில் என்னென்ன சரக்கு, என்ன அளவு என்று கேட்கவில்லை. கொடுப்பவர் படித்தவர், அவருக்கு மேலே கேட்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையில் குடித்தார்கள். அந்த நம்பிக்கையைத்தான் நோட்டீஸ்காரர் விலைக்கு விற்கிறார்.

கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

இயற்கை மருத்துவத்தின் நிலைமை கொஞ்சம் விசித்திரம். 2020-ம் வருஷச் சட்டத்தில் ஆயுர்வேதம் உண்டு, யூனானி உண்டு, சித்தம் உண்டு, திபெத்திய முறையும் உண்டு. யோகாவும் இயற்கை மருத்துவமும் இல்லை. ஆகவே பி.என்.ஒய்.எஸ். படிப்புக்குச் சித்தத்துக்கு இருப்பதைப் போன்ற மத்திய ஆணையம் கிடையாது. தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் அந்தப் பட்டத்தைத் தருகிறது. மாநில அரசு பதிவு செய்கிறது. அரும்பாக்கத்தில் சர்க்கார் கல்லூரியே இருக்கிறது. ஆகையால் இங்கே அது கௌரவமான படிப்புத்தான். ஆனால் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போகிறவர், அந்த மாநிலத்தில் என்ன விதி என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

நோட்டீஸ்காரர்களுக்கு இந்த மாதிரி இடைவெளிகள்தான் பிழைப்பு. 2003 நவம்பரில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. அங்கீகாரம் இல்லாத வைத்திய முறைகளில் யாரும் பட்டமோ டிப்ளமாவோ கொடுக்கக் கூடாது. அங்கீகாரம் பெற்ற முறைகளில் தேறியவர்கள் மட்டுமே டாக்டர் என்ற சொல்லைப் பெயருடன் சேர்த்துக்கொள்ளலாம் என்று மாநிலங்களுக்கு எழுதிற்று. உத்தரவு போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பஸ் ஸ்டாண்டுச் சுவர்களுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

பரம்பரை வைத்தியர்களின் நிலைமை வேறு. அவர்கள் நோட்டீஸ் அடிப்பவர்கள் அல்ல. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர், காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறவர், தகப்பனாரிடம் ஏட்டுச் சுவடி பார்த்துக் கற்றவர் என்று கிராமங்களில் பலர் இருந்தார்கள், இருக்கிறார்கள். 1970-ம் வருஷச் சட்டம் வந்தபோது ஏற்கெனவே தொழில் செய்து வந்தவர்களுக்குச் சில பாதுகாப்புகள் இருந்தன. அந்தத் தலைமுறை போய்விட்டது. கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில், பட்டமும் பதிவும் இல்லாமல் பரம்பரை என்ற ஒரே காரணத்துக்காக வைத்தியத் தொழில் செய்ய முடியாது என்று 2018 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

தீர்ப்பில் குற்றம் சொல்வதற்கில்லை. ஆயினும் எண்பது வயதுக் கிழவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த கட்டுப் பச்சிலை அவரோடு மண்ணுக்குள் போவதும் நஷ்டம்தான். அமெரிக்காவில் ஐந்து கறுப்பர் கல்லூரிகள் போன மாதிரி, இங்கேயும் கத்தி நல்ல கிளைகளையும் சேர்த்து வெட்டுகிறது. இந்தியத் தரக் கவுன்சில் இதற்கு ஒரு சிறு வழி கண்டிருக்கிறது. கிராம வைத்தியர்களை அவர்கள் அறிந்த ஒரு துறையில் மட்டும், எலும்பு கட்டுதல், காமாலை, விஷக்கடி என்பது போல, நேரில் சோதித்துச் சான்று கொடுக்கும் திட்டம் அது. அந்தச் சான்று யாரையும் டாக்டராக்காது. அவர்களுக்கு உள்ள ஞானம் உண்மை என்று மட்டும் சொல்லும். எல்லையைச் சான்றிலேயே எழுதிவிடுவது நேர்மையான ஏற்பாடு.

எல்லை மீறியதால் வந்த வினைக்கு ஓர் உதாரணம் போதும். 1992-ல் பம்பாயில் ஹோமியோபதி படித்த டாக்டர் ஒருவர், காய்ச்சல் கண்ட நோயாளிக்கு ஆங்கில மருந்துகளைக் கொடுத்தார். நோயாளி இறந்துபோனார். மனைவி கோர்ட்டுக்குப் போனார். 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த விதவைக்கு மூன்று லட்ச ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லிற்று. தான் படிக்காத முறையில் வைத்தியம் செய்கிறவர், வேறு எதில் எவ்வளவு படித்திருந்தாலும், அந்த முறையைப் பொறுத்தவரை போலி வைத்தியரே என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து.

மறுபடியும் அதே அடுப்பு

இவ்வளவுக்குப் பிறகும் கலப்பு ஆசை ஓயவில்லை. டாக்டர் இல்லாத கிராமங்கள் ஏராளம் இருக்கும்போது அந்த ஆசையைக் கேலி செய்யவும் முடியாது. 2010 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு, கல்லூரியில் படித்துப் பதிவு பெற்ற இந்திய வைத்தியர்கள், தாங்கள் பெற்ற பயிற்சிக்கு ஏற்ப நவீன முறையையும் கையாளலாம் என்று ஆணை பிறப்பித்தது. அதன் எல்லை எது என்ற வாதம் பின்னர் வெகுவாக நடந்தது. 2017-ல் பார்லிமெண்டில் வந்த தேசிய மருத்துவ ஆணைய மசோதாவில், சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் ஒரு பாலப் படிப்பு படித்துவிட்டு ஆங்கில மருந்து எழுதலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. எதிர்ப்பு எழவே, 2018-ல் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். 2020 நவம்பரில், மேல்படிப்புப் படித்த ஆயுர்வேத வைத்தியர்கள் 58 வகை ரண சிகிச்சைகளைச் செய்யலாம் என்று பழைய கவுன்சில் அறிவித்தது. டிசம்பர் 11-ம் தேதி ஆங்கில வைத்தியர்கள் நாடு முழுவதும் வேலை நிறுத்தம் செய்தார்கள்.

2025-ல், எம்.பி.பி.எஸ். படிப்பையும் ஆயுர்வேதப் பட்டத்தையும் ஒன்றாக்கிப் புதுச்சேரி ஜிப்மரில் ஒரே படிப்பாக நடத்தும் யோசனை வெளியாயிற்று. இந்திய மருத்துவச் சங்கம் உடனே எதிர்ப்புத் தெரிவித்தது. கீழ்ப்பாக்கத்தில் அணைத்த அதே அடுப்பை மறுபடியும் மூட்டுகிறார்கள். சமைத்தால் நன்றாக வரவும் கூடும். ஆனால் அங்கே படித்து வெளியே வருகிறவன் பெயர் எந்த ரிஜிஸ்தரில் ஏறும், இரண்டிலுமா, ஒன்றிலா, புதிதாக மூன்றாவதிலா? அவன் எழுதும் மருந்துச் சீட்டில் தவறு வந்தால் எந்த ஆணையம் அவனைக் கூப்பிட்டுக் கேட்கும்? முதல் மாணவனைச் சேர்ப்பதற்கு முன் இதற்குப் பதில் எழுதி வைக்காவிட்டால், 1950-களின் கோஷம் மறுபடியும் கேட்கும்.

ஆலங்குடிக்குத் திரும்புவோம். புதுக்கோட்டையில் இன்று சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2017-ல் முள்ளூரில் 150 இடங்களுடன் தொடங்கியது அது. எம்.பி.பி.எஸ். படிக்க இந்த மாவட்டத்துப் பெண், முத்துலட்சுமி ரெட்டியைப் போலச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டிய அவசியம் இல்லை. சர்க்கார் கல்லூரியில் சித்தம் படிக்க வேண்டுமானால் இன்னும் வெளியூர்தான். பாளையங்கோட்டைக்கோ, சென்னை அரும்பாக்கத்துக்கோ போக வேண்டும். அல்லது தாம்பரத்தில் 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் மேல்படிப்புக்குப் போகலாம். சித்தப் பட்டம் பெற்றவர் பெயரைப் பதிவு செய்வதற்கு 1997-ம் வருஷத்துச் சட்டத்தின்படி தமிழ்நாடு சித்த மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. இந்தப் படிப்புக்கு நீட் மார்க்கு வேண்டும், எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் போதாத மார்க்கு இங்கே போதுமானதாக இருப்பதும் உண்டு.

"பாப்பா, அந்த ஒரு வருஷப் படிப்புக்காரரிடம் கேட்டேன். எந்த ரிஜிஸ்தர் என்று கேட்டதற்கு, அதெல்லாம் ஆபீசிலே பார்த்துக்கொள்வார்கள் என்கிறாரம்மா" என்று அப்பா சொல்வதாக வைத்துக்கொள்வோம்.

"அப்படியானால் வேண்டாம் அப்பா. நீட் மார்க்குச் சீட்டையும் ஜாதிச் சர்டிபிகேட்டையும் எடுத்து வையுங்கள். அரும்பாக்கம் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று முதலில் பார்ப்போம்."